நாடு கடத்தப்பட்ட பூனைகள்

எங்கள் பக்கத்தில் பூனையைக் கொல்ல மாட்டார்கள். அது பெரிய பாவம். நாடு கடத்துவார்கள்.

மீன்சட்டியைக் கவிழ்த்த பூனை, கோழிக்குஞ்சைத் தின்ற பூனை, கல்யாணப் பந்தியில் இலைமேல் நடந்த பூனை, எதுவானாலும் தண்டனை ஒன்றுதான். சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும். திசை தெரியாமல் போவதற்காகச் சாக்கைத் தலைக்கு மேலே சுற்ற வேண்டும். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் கொண்டு விட வேண்டும். தண்ணீரைக் கடந்த பூனை திரும்பாது என்பது பெரியவர்கள் சொன்னது. எங்கள் ஊருக்கு அருகில் ஆறு இல்லை. நெய்யாறு வரைக்கும் ஒரு பூனையைச் சுமந்து போகும் அளவுக்கு எங்களுக்குப் பொறுமையும் இல்லை. ஆனால் ஒரு மணி நேர நடையில் பனச்சமூடு இருந்தது. சந்தையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கேரளம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். ஆறு இல்லாத குறைக்கு எல்லைக்கல்லையே ஆறாக வைத்துக்கொண்டோம். மாநிலம் மாறிய பூனை திரும்பாது என்று படித்தவர்களே சொன்னார்கள். அந்தப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கரையில் இருப்பவர்களும் எங்களைப் போன்ற மனிதர்கள்தான், அவர்களுக்கும் பக்கத்தில் ஆறு இல்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவர்கள் தங்கள் பூனைகளை எங்கள் பக்கம் கொண்டு வந்து விட்டார்கள். இப்படி இரண்டு மாநிலத்துக் குற்றவாளிகளும் வந்து இறங்கிய இடத்தில் ஓலை வேய்ந்த ஒரு சின்ன வீடு இருந்தது. அங்கேதான் மாமி இருந்தாள்.

மாமிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. கருவாட்டு மாமி என்றால் பனச்சமூட்டிலிருந்து பாறசாலை வரைக்கும் தெரியும். புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பொழியூர் கடற்கரையில் கருவாடு எடுத்து வந்து சந்தையில் கொஞ்சம் விற்பாள், மிச்சத்தைக் கடவம் என்கிற ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நடப்பாள். நல்ல உயரம். நடையில் ஒரு வேகம். அவள் வருவதற்கு முன்னால் நெத்திலி வாசம் வரும், போன பிறகு வெகுநேரம் நிற்கும்.

பூனைகளை மடியில் வைத்துக் கொஞ்சும் ஒரு தாயுள்ளத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மாமிக்குப் பூனை ஆகாது. கருவாடு விற்கிறவளுக்குப் பூனை எப்படி ஆகும்? ஒரு பூனையைக்கூட அவள் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை, வீட்டில் ஒன்றைக்கூட வளர்க்கவும் இல்லை. வாசலில் வந்து விழுந்ததைப் பிடித்துக் கூடையால் மூடி வைப்பாள். மறுநாள் அந்த ஊருக்குக் கருவாடு கொண்டுபோகும்போது கையோடு கொண்டுபோய் உடையவன் வீட்டு முற்றத்தில் இறக்குவாள்.

"நான் இதுக்க அம்மையா?" என்பாள். "சோறு போட்ட கை ஒண்ணு உண்டுல்லா. அது வச்சிக்கிடட்டு."

எந்தப் பூனை யார் வீட்டுப் பூனை என்று அவள் கண்டுபிடிப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பூனையைக் கொண்டு விட்டவன் அந்த வாரம் அவளிடம் கருவாடு வாங்க மாட்டான். அவள் குரல் கேட்டால் கொல்லைப்புறம் போய்விடுவான். தப்பித் தவறி நேரில் அகப்பட்டுவிட்டால் இருமுவான். "பூனைய விட்டவனுக்கு எனக்க மொகத்தப் பாத்தா இருமல் வரும்" என்று மாமி சொல்வது வழக்கம். அவள் ஒரு தெருவழியே நடந்தால் யார் இருமுகிறார்கள் என்று நாங்களும் கவனிப்போம்.

ஒப்படைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் பூனைக்குச் சோறு போட வேண்டும், அதுவும் அவள் கண்ணெதிரே. அது தின்று முடிக்கும் வரை கடவத்தை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுத்து அந்த வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பல் கேட்டு வாங்கி, பூனையைப் பிடித்து நாலு காலிலும் தேய்ப்பாள். அடுப்புச் சாம்பல் தேய்த்த கால் அந்த வீட்டை விட்டுத் தானாகப் போகாது என்பது அவள் கணக்கு. தேய்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடவத்தைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டால் பிறகு அந்தப் பூனையைத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பெரிய வீட்டுக்கும் ஒருமுறை இப்படிப் போனாள். பெரிய வீடு என்றால் எங்கள் எல்லோருடைய குடில்களும் நின்ற நிலத்துக்கு ஒருகாலத்தில் சொந்தக்காரர்களாக இருந்தவர்களின் வீடு. அவர்களுடைய வெள்ளைப் பூனை சிம்மாசனம் மாதிரி ஒரு சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும். அது என்ன குற்றம் செய்ததோ, வேலைக்காரன் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து எல்லையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மாமி அதைக் கையில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். முன்பெல்லாம் நுழைவாசல் படிப்புரைக்கு வெளியே நின்றுதான் கூப்பிட வேண்டிய வீடு அது. அந்த வீட்டு அம்மா வந்து, வேலைக்காரி சோறு போடுவாள், நீ போ என்று சொல்லிப் பார்த்தாள். மாமி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் அந்த அம்மாவே கையால் பிசைந்து போட, பூனை தின்றது. சாம்பலும் வந்தது.

திரும்பி வரும் வழியில் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க ஏறினாள். எங்கள் வீட்டில் அம்மையும் நானும் மட்டும்தான். பெரிய வீட்டில் பயமில்லையா என்று அம்மை கேட்டதற்கு மாமி சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என்ன பயம் பிள்ளே? எனக்க சின்னப் பிராயத்துல எங்களுக்க குடில எத்தன எடத்துக்கு மாத்தினாவ தெரியுமா. இஞ்ச தெங்கு வைக்கணும், அங்க போ. அங்க வாழக்கன்னு வைக்கணும், குளத்தங்கரைக்குப் போ. நாங்க கூரையப் பிரிச்சுத் தலையில வச்சுக்கிட்டு நடப்போம். பூனை மட்டும் வராது. பழைய அடுப்புக் குழியிலயே போய்க் கெடக்கும். எனக்க அம்மை பழைய அடுப்புச் சாம்பல ஒரு செரட்டையில எடுத்துக்கிட்டு வந்து, புது அடுப்புல கலந்து, அதுக்க காலுல தேய்ச்சு விடுவா. பெறவு நிக்கும்."

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இப்ப பத்து சென்ட் கிட்டியாச்சு. எனக்க காலுலயும் சாம்பல் தேய்ச்சாச்சு. சர்க்காராக்கும் தேய்ச்சது."

பிறர் நிலத்தில் குடில் கட்டிக் கிடந்தவர்களுக்கு அந்தக் குடிலைச் சுற்றிய பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்த காலம் அது. எங்களுக்கும் கிடைத்தது. அளக்க வந்தவர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்கு நடுவே நடந்தபோது, எங்கிருந்தோ வந்த ஒரு பூனைக்குட்டி சங்கிலியின் பின்னாலேயே நடந்தது. நாலு மூலைக்கும் போனது, அளவுக்கு நட்ட ஒவ்வொரு குற்றிக்கல்லிலும் நின்று பார்த்தது. அளந்தவர்கள் போய்விட்டார்கள், அது போகவில்லை. தாசில்தார் என்று பெயர் வைத்தேன்.

பெயருக்கேற்ற குணம். மெதுவாகத்தான் நடக்கும். கூப்பிட்டால் வராது. மீன் கொடுத்தால் காரியம் நடக்கும். எலி பிடிக்க வேண்டிய நாளில் விடுமுறை எடுத்துக்கொண்டு, பிடிக்க வேண்டாத நாளில் ஓணானைக் கொண்டுவந்து என் தலையணைமேல் சமர்ப்பிக்கும். ஆனால் தினமும் என் நெஞ்சில் ஏறித்தான் தூங்கும். அதன் குர்ர் சத்தத்தைக் கேட்டுத் தூங்கிப் பழகியதால், அது வராத நாளில் எனக்கு உறக்கம் பிடிக்காது. வேலை இல்லாத இருபத்திரண்டு வயதுக்காரன் நெஞ்சில் படுத்துத் தூங்குவதற்கு அந்த நாட்களில் வேறு யாரும் முன்வரவில்லை.

அப்போதுதான் எல்லோரும் கல்ஃபுக்குப் போகத் தொடங்கினார்கள். எனக்கும் ஒரு ஏஜெண்டு அகப்பட்டான். முதல் நாள் அவனைப் பார்க்கப் புறப்படும்போது தாசில்தார் குறுக்கே போனது. ஏஜெண்டு இடத்தில் இல்லை. இன்னொரு நாள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் புறப்பட்டேன், அன்றும் குறுக்கே போனது. போட்டோவில் கண்ணை மூடியிருந்தேன். நான் எல்லாப் போட்டோவிலும் கண்ணை மூடுகிறவன் என்பது அம்மைக்கும் தெரியும். ஆனாலும் தீர்ப்பு சொல்லிவிட்டாள். நான் விமானம் ஏறும் வரைக்கும் அந்தப் பூனை அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். சாக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

சைக்கிளில் கொண்டுபோனேன். சந்தையைத் தாண்டி, எல்லைக்கல்லையும் தாண்டி, ஆளில்லாத ஒரு வளைவில் நின்று சாக்கைத் தலைக்கு மேலே சுற்றினேன். குறைவாகச் சுற்றினால் திரும்பி வந்துவிடும் என்று கூடுதலாகவே சுற்றினேன். இறக்கி அவிழ்த்தபோது தாசில்தார் வெளியே வந்து, ஒருமுறை உடம்பை உதறிவிட்டு, உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தது. நான்தான் வழியோரத்துக் கயாலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மரங்களெல்லாம் சுற்றின. ஒருவழியாகச் சைக்கிளில் ஏறி வெகுதூரம் மிதித்த பிறகு, ஒரு சாயாக்கடைக்காரரிடம் வழி கேட்டபோதுதான் தமிழ்நாட்டுக்கு உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. திசை மறக்கச் சுற்றியதில் திசை மறந்தவன் நான்.

மறுநாள் எங்கள் முற்றத்தில் நெத்திலி வாசம் வந்தது. எனக்கு இருமல் வந்தது.

"இன்னா, ஒங்களுக்க உருப்படி. பிடியுங்க."

"இது எங்களுக்க பூனை இல்ல மைனி" என்றாள் அம்மை.

மாமி பூனையைக் கீழே விட்டாள். தாசில்தார் நேராக அடுக்களைக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

"ஆமா" என்றாள் மாமி. "வழி தெரியாம அடுப்படிக்குப் போவுது."

சோறு போட்டோம். சாம்பல் தேய்த்தாள். போனாள்.

ஆனால் தூக்கிக்கொண்டு போகிறவனிடம் சாம்பல் என்ன செய்யும்? இரண்டாம் முறை பஸ்ஸில் கொண்டுபோனேன், எல்லை தாண்டி உள்ளே போகிற பஸ்ஸில். சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். சேம்பு என்றேன். சேம்பு மியாவ் என்றது. நான் உரக்க இருமினேன், அது அதைவிட உரக்கக் கத்தியது. "ஒன் சேம்புக்குப் பசிக்குது போலிருக்கு" என்று சொல்லி அவர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. இறங்கி ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கருகில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் நெஞ்சு லேசாக இருந்தது, உறக்கம் மட்டும் வரவில்லை.

நாட்கள் கழிந்தன. வராது என்று அம்மை நிம்மதியானாள். நான் நிம்மதியானதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு மதியம் மாமி வந்தாள். கையில் தாசில்தார், பாதியாக மெலிந்து, ஒரு காது கிழிந்து. நடந்தது இதுதான்: ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள் ஏதோ அயலூர்ப் பூனை வந்து மீன் திருடுகிறது என்று அதைப் பிடித்து, சாக்கில் கட்டி, சுற்றி, எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டு விட்டிருக்கிறார்கள்.

அம்மை இந்த முறை நேராகச் சோறெடுக்கப் போனாள். மாமி என்னைப் பார்த்தாள்.

"எலே, நீதானே கொண்டு விட்டே?"

நான் தென்னையைப் பார்த்தேன்.

"பூனை குறுக்க போனா ஒனக்கு ஆகாது. செரி. நீ குறுக்க போனதுனால அதுக்கு என்ன ஆச்சுன்னு எவனாவது கேட்டானா?"

கோபமாகச் சொல்லவில்லை. கருவாட்டின் விலையைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தாசில்தார் தின்பதை நானும் அவளோடு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன்.

விமானம் ஏறுவதற்காகப் பம்பாய்க்கு நான் புறப்பட்ட நாளில் அம்மை அதைக் கூடையில் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியும் வைத்தாள். எப்படி வெளியே வந்தது என்று தெரியாது. நான் பெட்டியோடு படியிறங்கும்போது முற்றத்தில் நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். அது குறுக்கே போகவில்லை. எனக்கு முன்னால், நேராக, வாலை உயர்த்திக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தது. குறுக்கே போனால் தடங்கல், நேரே முன்னால் போனால் என்ன பலன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நல்ல சகுனம்தான் என்று ஒரு பெரியவர் தோராயமாகச் சொல்லி வைத்தார். அம்மை அழுதாள். பஸ் வளைவு திரும்பும்போது தாசில்தார் வீட்டைப் பார்த்து நடப்பதைக் கண்டேன்.

கல்ஃப் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பம்பாயில் ஒரு வாடகை முறியில் எங்கள் பக்கத்து ஆட்களோடு தலைமாற்றிப் படுத்து மழைக்காலம் முழுவதையும் கழித்தேன். தினமும் ஏஜெண்டின் ஆபீசுக்குப் போவோம். நாளைக்கு என்பான். ஒருநாள் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்போதும் வரைந்து காட்டுவேன். ஊரில் என்னை ஏற்கெனவே கல்ஃப்காரன் ஆக்கியிருந்தார்கள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அம்மை, மோன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் நிறுத்தத்தில் இறங்கத் தைரியம் வரவில்லை. பஸ் நின்றது. ஜன்னல் வழியே எங்கள் வீட்டுத் தென்னையின் தலை தெரிந்தது. பஸ் புறப்பட்டது. கடைசி நிறுத்தமான பனச்சமூட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சந்தையோரத்துத் திண்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தேன். நாலு எட்டு நடந்தால் தமிழ்நாடு. மார்த்தாண்டத்திலோ அதற்கப்பாலோ ஏதாவது கடையில் நிற்கலாம். கல்ஃபில் இருக்கிறான் என்றே அம்மை நினைத்துக்கொள்ளட்டும். மாநிலம் மாறியவனை யார் தேடப் போகிறார்கள்?

நெத்திலி வாசம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"எலே, எப்ப வந்தே?"

"இப்பத்தான் மாமி."

"வீட்டுக்குப் போனியா?"

"நாளைக்குப் போவேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

மாமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது என்று சொன்னால் பொய். எல்லையில் விழுந்து கிடப்பதை இது யாருடையது என்று பார்க்கிற பார்வைதான். அப்படியே போய் விற்காத கருவாட்டையெல்லாம் கடவத்தில் அள்ளிப்போட்டாள். என் பையைப் பிடுங்கி அதன் மேலே வைத்துத் தலையில் ஏற்றினாள்.

"எந்திரி மக்கா. நட."

ஒரு மணி நேரம் நடந்தோம். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவேயில்லை. நான் பின்தங்கினால் நின்றாள், அவ்வளவுதான். எங்கள் இடவழி திரும்பும் இடத்தில் என் கால்கள் ஓடிவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தன. அவள் கை என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தது. பூனையைத் தூக்க எங்கே பிடிப்பாளோ, அதே இடம். அந்தப் பிடியோடுதான் எங்கள் பத்து சென்ட்டுக்குள் நுழைந்தேன்.

"பிள்ளே, இஞ்ச வா. இன்னா, ஒங்களுக்க உருப்படி. எல்லையில கெடந்தது. பிடி."

அம்மை வெளியே வந்தாள். கையில் அகப்பை இருந்தது. என்னைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள்.

"எனக்க மோன் கல்ப்புலல்லா மைனி இருக்கான்" என்றாள்.

மாமி காலரை விட்டாள். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசலைக் கடந்து அடுக்களைக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆமா" என்று வெளியே மாமியின் குரல் கேட்டது. "வழி தெரியாம அடுப்படிக்குப் போறான்."

அம்மை ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். மாமி வாசலில் வந்து நின்றாள்.

"அழுவையெல்லாம் பெறவு. மொதல்ல சோறு போடு. நான் பாக்கணும்."

அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும் இருந்தன. அம்மை வைத்தாள். மாமி கடவத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். முதல் கவளத்தை மெதுவாகப் பிசைந்து வாயில் வைத்தேன். பிறகு நான் தின்ற வேகத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கிருந்தோ தாசில்தார் வந்தது. கருவாட்டு வாசம் பிடித்த என் பையை நெடுநேரம் மோந்து பார்த்தது. என்னை மோந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அப்புறம் மனம் மாறி, என் கிண்ணத்திலிருந்த மீன்தலையை எடுத்துக்கொண்டு போனது.

கிண்ணம் காலியானதும் மாமி எழுந்தாள்.

"சாம்பல் எடு" என்றாள் அம்மையிடம்.

அம்மை ஒரு சிரட்டையில் அள்ளிக் கொண்டுவந்தாள். நான் பூனையைத் தேடினேன். அது விறகடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பிடித்துக் கொடுக்கலாம் என்று எழுந்தேன்.

"நீ எங்க எந்திக்கே? இரி" என்றாள் மாமி. சிரட்டையோடு எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். "கால நீட்டுலே."

அம்மை சிரிக்கவில்லை. நான் நீட்டினேன். சாம்பல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது.